பூட்டிய வீடும் புறம்போக்கு மாந்தனும்

(சென்னைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மாநகரும் வீடிலாரும்' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தகைய பொருளில் பேச எழுகின்றவர்கள் பெரும்பாலும் ஏழைகளுக்காக இரங்கிப் பேசி, கேட்பவர்களையும் சற்றே இரங்க வைத்து, கைதட்டல் பெற்று அமர்ந்துவிடுவார்கள். இரக்கம் நல்லதுதான். ஆனால் சாலையோரத்தில் படுத்திருப்பவனுக்கு நம் இரக்கத்தால் ஒரு பாய்கூடக் கிடைப்பதில்லை. ஆகவே நான் இன்று கணக்குப் பேசப் போகிறேன். வீட்டுக் கணக்கும் தொலைவுக் கணக்கும் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டியவை. பொறுத்துக் கேளுங்கள்.

நகரங்களில் மக்கள் வீடின்றி வாடுவதற்குக் கரணியம் வீடுகள் போதாமைதான் என்று ஆள்வோர் சொல்கிறார்கள், தாளிகைகள் எழுதுகின்றன, படித்தவர்களும் நம்புகிறார்கள். மக்கள் பெருகிவிட்டார்களாம், நிலம் சுருங்கிவிட்டதாம், கட்டக் கட்டப் போதவில்லையாம்! இஃது எவ்வளவு பெரிய பொய் என்பதை அரசே எடுத்த கணக்கைக் கொண்டு காட்டலாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும் வீடே இல்லாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் 17.7 இலக்கம் பேர். அவர்களுள் நகரங்களில் இருந்தவர்கள் 9.38 இலக்கம் பேர். அதே கணக்கெடுப்பில், அதே நகரங்களில், யாரும் புழங்காமல் பூட்டிக் கிடந்த மனைகள் எத்தனை தெரியுமா? ஏறத்தாழ 1 கோடியே 11 இலக்கம்! வீடற்ற ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு பூட்டிய மனைகள் வீதம் இருந்திருக்கின்றன. இவற்றுள் கடைக்கெனக் கட்டியவையும் இருக்கும், இடிந்து பாழ்பட்டவையும் இருக்கும் என்று எவரேனும் வழக்காடலாம். சரி, பாதியைத் தள்ளிவிடுங்கள், முக்காற்பங்கைத் தள்ளிவிடுங்கள். அப்போதும் ஒருவருக்கு மூன்று வீடு மிச்சப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடற்றவர்களை எண்ணியது ஓர் இரவில். சாலையோரத்தில் உறங்குகின்றவன் காவலர்களின் தடியடிக்கு அஞ்சி இரவுக்கு இரவு இடம் மாறுகின்றவன். அவன் எண்ணிக்கையில் விழுவதைவிட நழுவுவதுதான் மிகுதி. பூட்டிய வீடோ இரவில் எங்கும் ஓடிவிடுவதில்லை. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டில் எடுக்கப்படவேயில்லை. ஆதலால் இந்தப் பழைய எண்களை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

2012-இல் நடுவணரசு அமைத்த வல்லுநர் குழு ஒன்று, நகரங்களில் 1 கோடியே 88 இலக்கம் வீடுகள் பற்றாக்குறை என்று கணித்தது. அந்தப் பற்றாக்குறையில் 95 விழுக்காட்டுக்கு மேல், வருவாயில் கடையடுக்கிலும் அதற்கடுத்த அடுக்கிலும் உள்ளவர்களுக்கு உரியது என்றும் அதே குழு சொன்னது. மேலே உள்ளவனுக்கு வீட்டுப் பஞ்சமே இல்லை. ஆனால் கட்டப்படுவன எல்லாம் யாருக்கு? ஞாயிற்றுக்கிழமைத் தாளிகைகளை விரித்துப் பாருங்கள். நீச்சற்குளத்தோடும் உடற்பயிற்சிக் கூடத்தோடும் கூடிய அடுக்குமாடி வீடு, உருபா ஒன்றரைக் கோடி, இரண்டு கோடி என்று பக்கம் பக்கமாக வந்து விழுகின்றன. ஏனம் கழுவிப் பிழைக்கின்ற பெண்ணுக்கான வீட்டைப் பற்றி எந்த நிறுவனமாவது அப்படி முழுப்பக்கம் அறிவித்து நீங்கள் பார்த்ததுண்டா?

வீடு என்பது குடியிருப்பதற்கு என்றிருந்த நிலை போய், பணத்தைப் பதுக்கி வைக்கும் பெட்டி என்றாகிவிட்டது. பெட்டியை எவனும் திறந்து வைப்பதில்லை. குடிக்கூலிக்கு விட்டால் குடியேறியவன் கிளம்ப மாட்டான் என்னும் அச்சத்தில் பூட்டியே வைத்திருக்கிறான். பத்தாண்டு கழித்து மும்மடங்கு விலைக்கு விற்கிறான். 2022-23-இல் இந்நாட்டின் மொத்தச் செல்வத்தில் 40 விழுக்காடு, மேல்தட்டில் இருக்கின்ற நூற்றில் ஒருவர் கையில் இருந்தது என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் அறிஞர்கள் கணித்துள்ளார்கள். கீழ்ப்பாதி மக்கள் அனைவரிடமும் சேர்ந்து இருந்தது ஏறத்தாழ 6 விழுக்காடு. அந்த மேல்தட்டுச் செல்வம் எங்கே போய்த் தங்கும்? பங்கிலும் பொன்னிலும் தங்கியதுபோக எஞ்சியது நிலத்தில்தான் தங்கும். அது தங்கிய இடத்தில் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறிய இடத்தில் ஏழை தங்க முடியாது. மழை பெய்தால் தாழ்ந்த இடத்துக்கு நீர் ஓடுவதைப் போன்று, பணம் பெய்தால் மக்கள் நகரின் விளிம்புக்கு ஓட்டப்படுகிறார்கள்.

தோழர்களே! நம் சென்னையையே எடுத்துக்கொள்வோம். பாரிமுனை, யானைகவுனி, இராயபுரம் ஆகிய பகுதிகளில் மூன்று, நான்கு தலைமுறைகளாக நடைமேடையிலேயே பிறந்து, நடைமேடையிலேயே மணந்து, அங்கேயே முதுமையெய்தும் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களைப் பார்த்து, "ஏன் இங்கேயே கிடக்கிறார்கள்? வேறெங்காவது போகலாமே!" என்று மகிழுந்தில் போகிறவர்கள் கேட்கிறார்கள். ஏன் என்றால், வேலை அங்கே இருக்கிறது. மூட்டை தூக்குவதும், மீன்பாடி வண்டி மிதிப்பதும், பூக்கட்டுவதும், கடைகளின் கழிவை வகைபிரித்து விற்பதும் விடியற்காலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் தொடங்குகின்ற வேலைகள். அந்த நேரத்தில் எந்தப் பேருந்து ஓடுகிறது? சரக்கு வந்து இறங்கும் இடத்தில் படுத்திருப்பவனுக்குத்தான் முதல் மூட்டை. நடைமேடை அவனுக்கு வீடு மட்டுமன்று. வேலை கிடைக்குமிடத்தின் வாயிற்படி. அதைவிட்டு நகர்ந்தால் அன்றைய சோறு போயிற்று.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல விழைகிறேன். நீங்கள் சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு உள்ளவர்கள், சலிப்படைய மாட்டீர்கள். 'சேரி' என்னும் சொல்லை இன்று என்ன பொருளில் ஆள்கிறோம்? சேர்ந்து வாழும் இடம் சேரி; அவ்வளவுதான் அச்சொல்லின் பொருள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பட்ட அவ்வூரில் பன்னிரண்டு சேரிகள் இருந்ததாக அக்கல்வெட்டே சொல்கிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி வருகிறது, ஈழச்சேரி வருகிறது, பறைச்சேரி வருகிறது. தீண்டாச்சேரி என்று ஒன்றும் வந்துவிடுகிறது. எல்லார்க்கும் பொதுவாயிருந்த சொல், மெல்ல மெல்லக் கீழே தள்ளப்பட்டவர்களின் தலையில் மட்டும் சுமத்தப்பட்டது. சேர்ந்து வாழ்ந்தவர்களில் செல்வன் எழுந்துபோய்த் தன் இடத்துக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டான். பழைய பெயர் ஏழையிடம் தங்கியது, இழிவாக.

'புறம்போக்கு' என்னும் சொல் அதைவிடக் கொடுமையானது. வரி விதிப்பிலிருந்து புறத்தே விடப்பட்ட பொதுநிலம் புறம்போக்கு. ஏரி, குளம், மேய்ச்சல் வெளி, களம், சுடுகாடு எல்லாம் புறம்போக்கு. ஊருக்கெல்லாம் உரிமையான நிலம். உயர்ந்த பொருளுடைய இச்சொல்லை இன்று தெருச்சண்டையில் ஒருவனை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிறோம். நிலத்துக்கு இட்ட பெயர் மாந்தனுக்கு வசையானது எப்படி? பொதுநிலத்தில் குடியிருப்பதைத் தவிர வேறு வழியில்லாதவனை மாந்தனாக மதிக்காத குமுகாயம்தான் அதை வசையாக்கியது. சரி, செய்திக்கு வருவோம்.

1970-இல் தமிழகத்தில் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. 1971-இல் அதற்கான சட்டம் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது அவ்வாரியத்தின் முழக்கம். ஞாயமாகச் சொல்ல வேண்டுமானால், அந்தத் தொடக்க ஆண்டுகளில் நடந்தது பாராட்டுக்குரியது. குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே, அல்லது அதன் அண்மையிலேயே, அடுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். கடற்கரையை ஒட்டி நொச்சிக்குப்பத்தில் மீனவர்க்குக் கட்டிய வீடுகள் அப்படிப்பட்டவை. வீடு சிறிது, கட்டுமானம் எளிது. ஆனால் வலையும் கட்டுமரமும் கண்ணுக்கெதிரே இருந்தன. ஆண்மகன் கடலுக்குப் போனான். பெண்மகள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு நடந்து போனாள்.

அச்சட்டத்தின்படி, குடிசைப் பகுதி இன்னதென்று அரசு அறிவித்துவிட்டால் அங்குள்ளவர்க்குச் சில காப்புகள் உண்டு. குடிநீர், கழிவறை, தெருவிளக்கு செய்துதர அரசு கடமைப்பட்டது. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் மேலும் 17. அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை! நகரத்தில் குடிசைகளே தோன்றாமலா போயின? தோன்றின. அறிவித்தால் கடமை வந்து சேரும். அறிவிக்காவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் இடித்துத் தள்ளலாம். இந்தச் சிறு சூழ்ச்சியை விளங்கிக்கொண்டால் பின்னர் நடந்த எல்லாம் விளங்கும்.

2000-ஆம் ஆண்டு தொடங்கி, நகருக்குள் இருந்த குடிசைகளைப் பெயர்த்து, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் என்று பெயரிட்ட இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டினார்கள் என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன். பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஓரிடத்தில். முதலில் கட்டியவை 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. பிறகு செம்மஞ்சேரி, பிறகு எட்டடுக்கு மாடிகளாய்ப் பெரும்பாக்கம், இருபதாயிரம் வீடுகளுக்கு மேல். குடியேற்றப்பட்டவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட குலத்து மக்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கும் பழைய வழக்கத்தைக் கற்காரையில் கட்டி, அதற்கு மறுவாழ்வு என்றும் பெயரிட்டார்கள். மன்னனின் அவையேறி நயன்மை கேட்ட ஒரு பெண்ணின் பெயரை அவ்விடத்துக்கு வைத்தவர் யாரோ, அறியேன். அறிந்து வைத்தாரா, அறியாமல் வைத்தாரா என்பதும் தெரியவில்லை.

இப்போது தொலைவுக் கணக்குக்கு வருகிறேன். ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரை அடுத்த ஒரு கால்வாய்க்கரையில் அவள் குடிசை. நான்கு வீடுகளில் ஏனம் கழுவித் துணி துவைக்கிறாள். முதல் வீட்டுக்குக் காலை ஆறு மணிக்கு. பத்து மணித்துளி நடை. எட்டு மணிக்குக் குடிசைக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்குச் சோறிட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மீண்டும் இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. உச்சியில் சற்று ஓய்வு. மாலையில் நான்காம் வீடு. இந்தப் பெண்ணைக் கொண்டுபோய் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில் ஆறாம் மாடியில் வைத்தால் என்ன ஆகும்? ஆறு மணி வேலைக்கு நான்கரைக்குப் புறப்பட வேண்டும். இடையில் வீடு திரும்ப இயலாது. பிள்ளைகளை யார் எழுப்புவது, யார் பள்ளிக்கு அனுப்புவது? நான்கு வீடு இரண்டாகும். பிறகு அதுவும் போகும். 2021-இலிருந்து நகரப் பேருந்தில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்றாயிற்று. நல்லதுதான், மறுக்கவில்லை. கட்டணம் மிச்சம். ஆனால் நாளொன்றுக்கு மூன்றரை, நான்கு மணி நேரத்தைச் சாலை விழுங்குகிறதே, அதை யார் திருப்பித் தருவார்கள்?

மின்தூக்கி பழுதானால் ஆறு மாடி ஏறித் தண்ணீர்க் குடம் சுமக்க வேண்டும். முதியவர்கள் கீழே இறங்குவதையே விட்டுவிடுகிறார்கள். இளைஞன் வேலை கேட்டுப் போனால், முகவரியைப் பார்த்ததுமே முகம் சுளிக்கிறார்கள். கண்ணகி நகரின் பக்கத்திலேயே கணிப்பொறி நிறுவனங்கள் வானுயர நிற்கின்றனவே, அங்கே வேலையில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. தரை துடைக்கும் வேலையும் வாயிற்காவல் வேலையும் உண்டு. அந்தக் கண்ணாடி மாளிகைகளுக்கு மலிவான கைகள் கிடைத்தன. அக்கைகளுக்கு உரியவர்கள் ஏற்கெனவே செய்துவந்த தொழில்கள் அழிந்தன.

2019 இறுதியில் கூவம் கரையில் சத்தியவாணிமுத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்தபோது பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. அரையாண்டுத் தேர்வு, பொதுத்தேர்வு என்று எதையும் பாராமல் இடிபொறியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓராண்டு பொறுத்திருந்தால், ஏன், நான்கு திங்கள் பொறுத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

இவ்வளவுக்கும் அரசு சொல்லும் கரணியம் வெள்ளம். 2015 பெருவெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளைத் தூய்மை செய்ய வேண்டும், அங்குள்ள வன்கவர்வுகளை அகற்ற வேண்டும் என்றார்கள். கூவம் கரையில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கணக்கில் வந்தன. ஆற்றங்கரையில் குடியிருப்பது இடர் என்பதை நானும் ஒப்புகிறேன். அவர்களும் ஆசைப்பட்டா அங்கே போய் இருந்தார்கள்? ஆனால் அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம்! செம்மஞ்சேரியில் மழைக்கு மழை வீட்டுக்குள் நீர் புகுகிறது. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வெள்ளத்துக்குள்ளேயே குடியமர்த்திய விந்தையை வேறு எங்கும் காண முடியாது.

அத்துடன், நீர்வழியை மறித்தது யார் என்பதையும் கேட்க வேண்டும். பக்கிங்காம் கால்வாயைப் போய்ப் பாருங்கள். 1990-களில் கட்டிய பறக்கும் தொடர்வண்டிப் பாதையின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே காலூன்றி நிற்கின்றன. வானூர்தி நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலமிட்டு நீட்டப்பட்டிருக்கிறது. தூணுக்குப் பெயர் வளர்ச்சி. ஓடுபாதைக்குப் பெயர் வளர்ச்சி. கீற்றுக் குடிசைக்குப் பெயர் மட்டும் வன்கவர்வு! அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும் என்று கேட்பது பிழையா?

தோழர்களே! இந்த வழக்கு உச்சநயமன்றம் வரை ஒருமுறை போயிருக்கிறது. கொண்டுபோனவர்களுள் ஒருவர் தமிழர், சேலத்துக்காரர். நம்மில் பலருக்கு இது தெரியாது; தெரிந்திருக்க வேண்டும். நிலமில்லாக் கூலியுழவரான அவர், ஊரில் மழை பொய்த்து வேலையற்றுப் போய், 1961-இல் பம்பாய்க்குச் சென்றார். ஒரு வேதிப்பொருள் ஆலையில் நாட்கூலி. நடைமேடையில் நெகிழித் தாளும் கித்தான் துணியும் போர்த்த ஒரு கூடாரம்; அதற்கும் ஓர் அடாவடிக்காரனுக்கு 2,500 உருபா அழுதிருக்கிறார். நடைமேடைக்கே விலை! 1981 சூலையில் மராட்டிய முதலமைச்சராயிருந்த அந்துலே, நடைமேடை வாழ்வோரை அவரவர் ஊர்களுக்கே நாடு கடத்துவதாக அறிவித்தார். சூலை 23 அன்று இவருடைய கூடாரத்தைப் பிய்த்தெறிந்து, மனைவி மக்களோடு சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பெண்மக்களும் சேலத்தில் தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய்க்கே திரும்பி வந்து, மறுபடியும் ஒரு நடைமேடையில்தான் ஒதுங்கினார். சேலத்தில் சோறிருந்தால் ஏன் திரும்பப் போகிறார்? அதே வழக்குத் தொகுதியில் காமராசர் நகர் என்றொரு குடியிருப்பும் வருகிறது. நெடுஞ்சாலையோரம் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் 1960-61-இல் அமைத்துக்கொண்ட குடிசைகள் அவை. நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கைகளுக்கு நகரில் நிழல் இல்லை.

ஓல்கா தெல்லிசு என்னும் செய்தியாளரும் அவர்களோடு சேர்ந்து தொடுத்த அவ்வழக்கில், தலைமை நடுவர் சந்திரசூட்டு உள்ளிட்ட ஐவர் 1985 சூலை 10 அன்று தீர்ப்பளித்தார்கள். உயிர்வாழும் உரிமை என்பதில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றார்கள். பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்தது போன்றதே என்னும் பொருளில் உலகம் போற்றும் தீர்ப்பு அது. ஆனால் அதன் மறுபாதியையும் படியுங்கள். நடைமேடை நடப்பவர்களுக்கு உரியது; முறையான அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம்; மழைக்காலம் கழியும்வரை, அக்டோபர் 31 வரை பொறுங்கள் என்பது அந்த மறுபாதி. உரிமை உண்டு என்று சொல்லிய கையோடு இடிப்பதற்கு நாளும் குறித்துக் கொடுத்தார்கள்! அன்று தொடங்கி இன்றுவரை, அரசுகள் இரண்டாம் பாதியைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன.

அதே மும்பையில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான அறக்கட்டளை ஒன்றிடமிருந்து 2002-இல் வாங்கிய நிலத்தில், ஒரு குடும்பத்துக்காக 27 அடுக்கு மாளிகை எழும்பி நிற்கிறது. தமிழர் பல்லாயிரவர் தோல் பதனிட்டும் பலகாரம் சுட்டும் பாடுபட்டு உருவாக்கிய தாராவியோ, 2022-இல் ஏலமுறையில் ஒரு பெருமுதலாளிக் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. 2000-ஆம் ஆண்டுக்கு முன்பே அங்கிருந்ததற்குச் சான்று காட்டுகின்ற தரைத்தள வாசிகளுக்குத்தான் அங்கேயே விலையின்றி வீடாம். மாடியில் இருந்தவனும் பின்னால் வந்தவனும் வேறிடம் போக வேண்டுமாம்.

சென்னைக்குத் திரும்புவோம். 2022 ஏப்பிரல் இறுதியில் இராசா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க்கரையில் இருந்த கோவிந்தசாமி நகர் வீடுகளை உச்சநயமன்ற ஆணையின்படி இடிக்கத் தொடங்கினார்கள். அம்மக்கள் அங்கே பல பத்தாண்டுகளாக இருந்தவர்கள். மே 8-ஆம் நாள், இடிபொறிக்கு முன்னால், அறுபது அகவையை ஒட்டிய ஒருவர் தம்மேல் தீயிட்டுக்கொண்டார், பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் சட்டமன்றத்தில் முதலமைச்சர் எழுந்து, அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று அறிவித்தார். நகருக்குள்ளேயே வீடு தர வழி இருந்தது என்பதுதானே இதன் பொருள்? இருந்த வழியைச் சொல்ல ஓர் உயிர் எரிய வேண்டியிருந்தது.

நகருக்குள் கட்டித் தந்தவை எப்படி இருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புளியந்தோப்பில் கேசவப்பிள்ளைப் பூங்காப் பகுதியில் வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில், 2021-இல் கையால் தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. அதே ஆண்டில் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் அழகாகத்தான் இருக்கிறது.

வேறு வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வியன்னா நகராட்சி 1923-இல் வீட்டுவரி ஒன்றை விதித்தது. சிறு வீட்டுக்குச் சிறு வரி, மாளிகைக்குப் பன்மடங்கு வரி. அந்தப் பணத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தொழிலாளர்க்கு அறுபதாயிரம் வீடுகள் நகருக்குள்ளேயே கட்டியது. இன்றும் அந்நகராட்சிக்குச் சொந்தமான குடிக்கூலி வீடுகள் இரண்டு இலக்கத்துக்கு மேல். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் விளங்கும் சிங்கப்பூரில் 1960-இல் வீடமைப்புக் கழகம் தோன்றியது. 1966-இல் நிலமெடுப்புச் சட்டம் வந்தது. இன்று பத்தில் எட்டுக் குடிமக்கள் அரசு கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். அங்கே எல்லாம் இனிமை என்று நான் சொல்லவில்லை. அந்த வீடுகளைக் கட்டுவதற்குத் தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்கள் ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேராய் விடுதிகளில் அடைந்து கிடந்ததையும், 2020-இல் நோய்த்தொற்று அவ்விடுதிகளில்தான் காட்டுத்தீயாய்ப் பரவியதையும் மறந்துவிட முடியாது. ஆயினும் நிலம் அரசின் கையில் இருந்தால், அரசுக்கு மனமும் இருந்தால், வீடு கட்டுவது இயலாத செயலன்று என்பதற்கு இவை போதும்.

நாம் கேட்க வேண்டியவை வானத்து மதியன்று. பூட்டிய வீட்டுக்கு ஆண்டுதோறும் ஏறுவரி விதிக்கட்டும். நகருக்குள் இருக்கும் அரசு நிலத்தை விற்பதை நிறுத்தி, அதில் குறைந்த குடிக்கூலியில் வீடு கட்டட்டும். குடிபெயர்த்தே தீரவேண்டிய இடத்தில், வேலைக்கு நடந்து போகக்கூடிய தொலைவுக்குள் வீடு தராமல் ஒரு கீற்றைக்கூடப் பிரிக்கக் கூடாது என்று சட்டம் செய்யட்டும். ஓர் இலக்கம் மக்களுக்கு ஓர் இராத்தங்கல் விடுதி, ஆண்டு முழுவதும், பகலும் இரவும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இலேயே உச்சநயமன்றம் ஆணையிட்டிருக்கிறது. உங்கள் வட்டத்தில் அப்படி ஒன்று உள்ளதா, அதில் குடும்பமாய்த் தங்க இடமுண்டா என்று போய்ப் பாருங்கள்.

நம் இயக்கத்தார்க்கென்று தனியே ஒரு வேலை இருக்கிறது. ஒருவனுடைய வீட்டை இடிக்கச் சொல்லும் உயர்மன்றங்களின் ஆணை எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில். தன் கூரை ஏன் பிரிக்கப்படுகிறது, எத்தனை நாள் தவணை, மறுவீடு பற்றி மன்றம் என்ன சொன்னது என்பதை அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவன் படித்தறிய முடியாது. அலுவலர் வாயால் சொல்வதுதான் அவனுக்கு ஆணை. அவர் பாதியைச் சொல்வார், பாதியை விழுங்குவார். பெயர்ப்புக்கு முன் வந்து ஆட்களை எண்ணிக் கைரேகை எடுக்கும் நாளில், வேலைக்குப் போயிருந்த குடும்பம் பட்டியலில் இல்லாமற்போகும். ஒரு குடிசைக்குள் மூன்று குடும்பம் இருந்தால் கதவைப் பார்த்து ஒன்று என்று எழுதிக்கொண்டு போவார்கள். பட்டியலில் இல்லாதவனுக்குப் பெரும்பாக்கமும் இல்லை. அவன் நேரே நடைமேடைக்குத்தான் வருகிறான்.

ஆகவே, ஆங்கிலமறிந்த இளைஞர்கள் பத்துப் பேர் வேண்டும். கால்வாய்க்கரைக் குடியிருப்புகள் தொடர்பான ஆணைகளைத் தேடியெடுத்து, எல்லார்க்கும் விளங்கும் எளிய தமிழில் பெயர்த்து, இரண்டு பக்கத் துண்டறிக்கையாக்கி, கதவுக்குக் கதவு கொடுக்க வேண்டும். கணக்கெடுக்க வருகின்ற நாளில் இருவர் உடனிருந்து, விடுபட்ட பெயர்களைக் குறித்து, அன்றைக்கே எழுத்தில் முறையீடு கொடுக்கச் செய்ய வேண்டும். சட்டம் பயின்ற தோழர் ஒருவர் உடன்வர ஒப்பியிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் வாயிலருகே ஒரு பொத்தகம் வைத்திருப்போம். வர இயன்றவர்கள் பெயரும் முகவரியும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மந்தைவெளிப் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படுகிறோம்.